கொன்றவர்தான் வகுப்பு எடுக்க வேண்டும்

என் மருமகள் குரலை இந்த ஊரில் கேட்காத காது கிடையாது. பேருந்து நிலையத்தில் நான்கு மூலையிலும் தொங்குகிற ஒலிபெருக்கியில், எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை யாரைத் தேடி அழுகிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு எழுத்துத் தெரியாது. வண்டியின் நெற்றியில் எழுதி வைத்திருப்பது எனக்குப் பூச்சி ஊர்ந்த தடம் மாதிரித்தான். என்னைப் போன்றவர்களுக்கு அவள் குரல்தான் பலகை. அதை நம்பி ஏறி இதுவரை நான் வேறு ஊரில் போய் இறங்கியதில்லை.

இதை எழுதுகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. நான் சொல்வதையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்துத்தான் வைப்பேன் என்கிறாள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் யாராவது வாயைத் திறந்தால் அவர்கள் பேசினது பேசினபடி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

குரலைக் கேட்டவர்கள் நெடுநெடுவென்று ஒரு பெண்ணை மனதில் கட்டி வைத்திருப்பார்கள். இவளோ பரணில் இருக்கும் அண்டாவை எடுக்க முக்காலி போட்டு, அதன் மேல் மணைப்பலகை போட்டு ஏறுகிறவள். அபூர்வமாக யாராவது அறிவிப்பு அறைக் கதவைத் தட்டி, "அந்த அறிவிப்பு அம்மா இருக்காங்களா, ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்று கேட்பார்களாம். இவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, "அவங்க லீவு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதே பதில்தான். "இவ்வளவு லீவு எடுத்தும் சீட்டுக் கிழியாத ஒரே ஆள் என் பெண்டாட்டிதான்" என்பான் என் மகன்.

அவள் பிறந்த வீடு ஒரு அரவை ஆலைக்கு ஒட்டுச் சுவர். ஆலை ஓடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக் கேட்டாலும் கத்த வேண்டும். இவளுக்குக் கத்த வராது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து, இரைச்சலின் இடுக்கு வழியே நுழைத்து அனுப்பப் பழகிக்கொண்டாள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே சின்னப் பெண். அவள் பேசினால் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, காது மட்டும் கொடுப்பார்கள். முகத்துக்கு முன்னால் நின்று பேச அங்கே அவளுக்குப் பழக்கமே வரவில்லை.

வேலைக்கான தேர்வில் மேலதிகாரி பெயரைக் கேட்டாராம். இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் நல்ல மனுஷர். "சரிம்மா, உள்ள போய் உட்கார்ந்து மைக்ல சொல்லு" என்று அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே போனதும் தன் பெயர், அப்பா பெயர், படித்தது, பிடித்தது எல்லாம் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள். வெளியே ஒரு கிழவர், "இந்த வண்டி எப்பப் புறப்படும்?" என்று கேட்டாராம். அன்றே வேலை.

என் மகன் அங்கே பணிமனையில் மெக்கானிக். வண்டி நின்றுபோனால் இவள்தான் அவனை ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டால் போக மாட்டானாம். கையில் ஸ்பானரோடு சும்மா நிற்பானாம், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. இதற்காகவே அவனுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் பெண் கேட்டுப் போனோம். காப்பி கொடுத்தாள், தலையைக் குனிந்தாள், போய்விட்டாள். கல்யாணமாகி வந்து என் முன்னால் வாயே திறக்கவில்லை. பையன் ஒரு ஊமைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் நிலையத்தில் அந்தக் குரலைக் கேட்டு, இதுவா நம் வீட்டு ஊமை என்று நின்று கேட்டதில் என் வண்டி போய்விட்டது.

வீட்டிலும் அப்படித்தான். சண்டை போட வேண்டுமென்றால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அங்கிருந்து, "குழம்புல ரெண்டாவது தடவை உப்புப் போட்டது யாருன்னு தெரியணும்" என்று தெளிவாக வரும். நான் அடுப்படியிலிருந்து, "போட்டவ கையை வெட்டிடு" என்பேன். இருவரும் சுவரைப் பார்த்துச் சண்டை போட்டு முடித்து, சாப்பிடும்போது ஒன்றும் நடக்காதது போல உட்காருவோம்.

இப்படிப்பட்டவளைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர் எங்கள் தெருத் தையற்காரர். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த குப்பை மேட்டைச் சுத்தம் செய்து, அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஆளுக்கு ஒரு பாத்தி போட்டிருந்தார்கள். கூலி கிடையாது, முதலாளி கிடையாது. ஒரு பல் டாக்டரம்மாதான் எல்லாரையும் கட்டி மேய்க்கிறவர். "ஒரு பாத்தி காலியா இருக்கு தங்கச்சி, வந்து பாரு" என்றார் தையற்காரர். போனாள். கதவும் மைக்கும் டீசல் புகையுமாகவே நாளைக் கழிக்கிறவளுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் மண்ணோடு வந்து, அன்று பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். அவள் விளைவித்த முதல் முள்ளங்கி எலிவால் கனம்தான் இருந்தது. அதை ஆளுக்கு ஒரு துண்டு என்று நறுக்கி, பிரசாதம் போலக் கொடுத்தாள். கடையில் நல்லதாகக் கிடைக்குமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முள்ளங்கியை மென்றேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஊராருக்கு அங்கே வகுப்பு நடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள், பொழுது போகாத காவலாளிகள் என்று கூட்டம் சேரும். ஆரம்பத்தில் வெளியூரிலிருந்து பேச ஆள் வரவழைத்தார்களாம். அவர் தன் தோட்டத்தில் எல்லாம் எப்படிச் செழித்தது என்று படம் காட்டினார். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் கொசு அடித்தார்கள். அடுத்த வாரம் தையற்காரர் எழுந்து, பூச்சி சாக வேண்டும் என்று தன் மிளகாய்ச் செடியைச் சலவைத் தூள் கரைத்த தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பி வைத்த கதையைச் சொன்னார். ஒருவரும் கண் மூடவில்லை. ஊரில் அதற்குப் பிறகு யாரும் மிளகாய்க்குச் சோப்புப் போடவில்லை. அன்றே டாக்டரம்மா சட்டம் போட்டுவிட்டார். எவர் பாத்தியில் செடி செத்ததோ, அவர்தான் அந்தச் செடியைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் பாத்தியைக் காத்திருக்கிறவருக்கு விட்டுவிட வேண்டும். தையற்காரர்தான் அதிகமாகக் கொன்றவர். அதனால் அவருக்குப் பேராசிரியர் என்று பெயர்.

இந்தச் சட்டம் எல்லாருக்கும் வேடிக்கை. என் மருமகளுக்கு மட்டும் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. அவ்வளவு முகங்களுக்கு முன்னால் நிற்பதா? அந்தப் பயத்திலேயே அவள் செடிகளைச் சாகவிடவில்லை. விடியும் முன்பே போய் இலைக்கு இலை திருப்பிப் பார்ப்பாள். ஒன்று வாடினால் இவளுக்குச் சோறு இறங்காது.

அந்த நேரத்தில் டாக்டரம்மா பாத்திக்கு ஒன்றாக ஒட்டுக் கத்தரி கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டு என்றால் இப்படி: கத்தரியின் வேர் நோஞ்சான், சுண்டையின் வேர் இரும்பு. அதனால் சுண்டைச் செடியின் தலையை வெட்டிவிட்டு, அந்த அடியின் மேல் கத்தரியை ஒட்டிக் கட்டிவிடுவார்கள். அடி சுண்டை, மேலே கத்தரி. காய்ப்பது கத்தரி.

இவள் செடியில் தண்டுக்குள் புழு புகுந்து நுனி தொங்கிவிட்டது. இவள் முகமும் தொங்கிவிட்டது. பிறகு ஒரு நாள் குதித்துக்கொண்டு வந்தாள். "அத்தை, பிழைச்சுக்கிச்சு. அடியிலேர்ந்து துளிர் விட்டிருக்கு." அதற்குப் பிறகு அந்தச் செடிக்கு நடந்த சீராட்டு என் பிள்ளைக்கே நடந்ததில்லை. மேலே கருகியதைக் கிள்ளி எறிந்தாள். கீழிருந்து வந்ததற்குக் கம்பு நட்டாள், சாணம் வைத்தாள். அது ஆள் உயரம் எழும்பியது. முள் வந்தது. "நல்ல ஜாதிக் கத்தரிக்கு முள் இருக்கும்" என்றாள். வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக வந்தது. "வெள்ளைக் கத்தரி போல இருக்கு" என்றாள். காயும் வந்தது, பச்சைப் பட்டாணி அளவில், கொத்துக்குக் கை நிறைய. அது பெருக்கட்டும் என்று காத்திருந்தாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் செய்தி வரும்.

"இன்னிக்கு எப்படி?" என்பான் மகன்.

"அப்படியேதான் இருக்கு. ஆனா ஆரோக்கியமா இருக்கு."

"நீ அதட்டி ஒரு அறிவிப்புக் கொடு. பெருக்கும்."

எனக்கு முட்டி வலி, தோட்டம் பக்கம் போனதில்லை. பொறுக்க முடியாமல் அவள் ஒரு நாள் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "பாருங்க அத்தை, இதுக்கு என்ன சத்துக் குறைச்சல்?"

ஒன்றை நசுக்கி மோந்து பார்த்தேன். "இதுக்கு ஒரு குறைச்சலும் இல்ல. இது இவ்வளவுதான் வளரும். இது சுண்டைக்காய்."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து தெளிவாக வந்தது: "அப்படின்னா கத்தரி எப்பவோ செத்துப்போச்சு."

விஷயம் தோட்டத்துக்குப் போய்ப் பஞ்சாயத்தானது. அன்றைக்கு முட்டி வலியாவது மண்ணாவது என்று மகனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். என் மருமகளை நான் திட்டலாம். ஊர் கேள்வி கேட்டால் நான் அங்கே இருக்க வேண்டும்.

டாக்டரம்மா செடியின் அடியில் குனிந்து, பல்லைப் பார்ப்பது போல விளக்கடித்துப் பார்த்தார். "ஒட்டுக்கு மேல ஒண்ணுமே இல்ல. கத்தரி காலி. வகுப்பு உண்டு."

"எங்க செத்துச்சு?" என்றேன். "ஆள் உயரம் நிக்குது. உங்க பாத்தி எல்லாத்தையும் விட இதுதான் காய்ச்சிருக்கு."

"பாட்டி, இருக்கிறது அடிச்செடி. நாங்க கொடுத்தது கத்தரி."

"வேர் இருந்தா செடி இருக்கு. நீங்க பல்லுக்கு மேல தொப்பி மாட்டி விடுறீங்க. தொப்பி கழண்டு விழுந்தா பல்லு செத்துப்போச்சுன்னா சொல்லுவீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். "சொல்ல மாட்டேன் பாட்டி. ஆனா தொப்பி கழண்டா அவங்க திரும்பி வந்து நாற்காலியில உட்கார்ந்துதான் ஆகணும். வகுப்பு உண்டு."

கையைத் தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கையும் மகன் கையும்தான். தோற்றேன். தோற்றதால் நான் சொன்னது தப்பாகிவிடாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. "பாத்தியைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றது கதவு.

"குடு. நாளையிலேர்ந்து நீ பாடாம பாத்திரம் தேய்க்கிறதை நான் கேட்கணும்" என்றேன்.

அழுகிறாள் என்று தெரிந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளுக்கு அழுகை மட்டும் சத்தமே வராது. மகன் கதவருகில் போய் உட்கார்ந்தான். "அவங்க முன்னாடி நிக்கணும்னு சட்டத்துல இருக்கா? வகுப்பு எடுக்கணும்னுதானே இருக்கு. தோட்டத்துல மண்வெட்டி வைக்கிற தகரக் கொட்டகை இருக்கு. நீ உள்ள உட்காரு. பணிமனையில ஒரு பழைய மைக் கிடக்கு, நான் மாட்டித் தரேன்."

"கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா?" என்று கேட்டது கதவு.

மகன் போய் இதைக் கேட்டதற்கு டாக்டரம்மா யோசித்தார். தையற்காரர்தான், "முகம் காட்டணும்னு நம்ம சட்டத்துல எங்கயும் இல்லீங்க, நான் எல்லா வகுப்பும் எடுத்தவன், எனக்குத் தெரியும்" என்று முடித்து வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் அதிகம். தோட்டத்தில் உட்காருவதற்கு என் மகன் பணிமனையில் கழித்துப் போட்ட பேருந்து இருக்கைகளைக் கொண்டுபோய் வரிசையாகப் போட்டிருந்தான். நான் சன்னல் ஓரம் என்று சொல்லி ஓரத்தில் உட்கார்ந்தேன். முன்னால் மேசையில் தையற்காரர் தன் ஒட்டுக் கத்தரியை வாளியோடு கொண்டுவந்து வைத்திருந்தார். அதிசயமாக அது உயிரோடு இருந்தது, காயும் இருந்தது. பக்கத்தில் துணி வெட்டும் கத்தரிக்கோல். அவள் சொல்லச் சொல்ல அவர் செய்து காட்டுவதாக ஏற்பாடு.

கொட்டகைக்குள் மைக் கரகரத்தது. பிறகு குரல் வந்தது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு."

பழக்க தோஷம். பேருந்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிற கூட்டம், காதில் அந்தக் குரல். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். எழுந்த பிறகுதான் செடிகளைப் பார்த்தார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. "அட, அந்த அம்மா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "நம்ம நிலையத்து அம்மா."

"சரி, பயணிகள்னே இருக்கட்டும்" என்றது கொட்டகை. அதற்குப் பிறகு அவளுக்குத் தடையே இல்லை. "கத்தரி என்று பலகை மாட்டிய வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அதே தடத்தில் சுண்டை என்ற வண்டி வந்தது. நான் பலகையைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். ஏறியதோடு இல்லை, அதற்கு டீசலும் ஊற்றினேன்." பிள்ளைகள் இருக்கையில் குதித்தார்கள். முள்ளைப் பார்த்து ஜாதிக் கத்தரி என்று பெருமைப்பட்டதையும் சொன்னாள், காய் பெருக்கக் காத்திருந்ததையும் சொன்னாள். "ஒட்டுக்கு மேலே வருவது கத்தரி. கீழே வருவது சுண்டை. கீழே வருவதைத் துளிரிலேயே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேலே இருப்பதன் சோற்றையும் சேர்த்துத் தின்றுவிடும்."

"ஒட்டு எங்க இருக்கு?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"தண்டில் ஒரு முடிச்சு போலப் புடைத்திருக்கும்."

தையற்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். அவர் செடியிலும் அடியில் ஒரு துளிர் இருந்தது. ஆனால் அவர் அதற்கு மேலே, காய் தொங்குகிற நல்ல தண்டில் கிளை பிரியும் புடைப்பைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலை விரித்தார்.

தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அது இல்லீங்கண்ணா" என்றது மைக்.

"எது இல்லம்மா?"

"கையில இருக்கிறது."

"கையில கத்தரிக்கோல்தான் இருக்கு."

"இன்னொரு கையில. கீழ வாங்க."

அவர் கீழே என்றால் குனிய வேண்டும் என்று நினைத்து இன்னும் குனிந்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது. "இங்கதானே? வெட்டிடறேன்."

தாழ்ப்பாள் தெறித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. என் மருமகள் ஓடி வந்தாள். மண்வெட்டியைத் தாண்டி, வாளியைத் தாண்டி வந்து, தையற்காரர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இது உயிர். விடுங்க அண்ணா. இங்க பாருங்க, இதுதான் ஒட்டு." அவர் விரலைப் பிடித்தே கீழே இறக்கி, முடிச்சில் வைத்துக் காட்டினாள். "இது கீழேர்ந்து வருது பாருங்க, இதைத்தான் கிள்ளணும். கத்தரிக்கோல் எதுக்கு, நகம் போதும்." கிள்ளினாள். பிறகு அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாள். பின்வரிசைக்குத் தெரியவில்லை என்றார்கள். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே போய், வரிசை வரிசையாகக் காட்டினாள். மைக் இல்லை. கடைசி வரிசை வரை ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்தது. ஆலை இரைச்சலையே தாண்டிய குரலுக்கு ஒரு தோட்டம் எம்மாத்திரம்?

திரும்பி வந்து வாளியை இறக்கி வைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லா முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பையைத் தோளில் மாட்டிய அந்த ஆள்தான் கேட்டார். "ஏம்மா, ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டினேன். அவங்க லீவுன்னு ஒருத்தர் சொன்னாங்க. நீங்கதானா அந்த அம்மா?"

என் மகன் எழுந்து நின்றுவிட்டான். நானும்தான்.

அவள் மண் கையைப் புடவையில் துடைத்தாள். "ஆமாங்க" என்றாள். "லீவு முடிஞ்சு வந்துட்டேன்."

பாத்தி அவளிடமே இருக்கிறது. டாக்டரம்மா புதிதாக ஒரு ஒட்டுக் கத்தரி கொடுத்தார். பழையதைப் பிடுங்கச் சொன்னதற்கு, பிடுங்கக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அது இன்றைக்கும் நிற்கிறது, தோட்டம் முழுமைக்கும் காய்க்கிறது. செத்துப்போன செடி இப்படிக் காய்க்குமா என்று போகும்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். அறிவிப்பு அறைக் கதவை இப்போது தட்டுகிறவர்கள் வண்டியைப் பற்றிக் கேட்பதில்லையாம். இலை சுருண்ட கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்களாம்.

எனக்குத்தான் ஒரு நஷ்டம். நேற்றுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அடுத்த அறைக் கதவு சாத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவள் நேராக அடுப்படிக்கு வந்து, என் முகத்துக்கு எதிரே நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அத்தை, ரெண்டாவது தடவை உப்புப் போட்டது நீங்கதானே?" என்று கேட்டாள்.

சுவர் என்றால் பதில் சொல்லியிருப்பேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.